உங்களுக்குத் தெரியுமா? ரூபாய் ஒன்று, ஊர் விலை வேறு

★ பிஸ்கட் பாக்கெட்டுக்கு நாடு முழுக்க ஒரே விலை. மும்பை நரிமன் பாயிண்டில் வாங்கினாலும் தென்காசிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் வாங்கினாலும், உறையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட வேண்டும் என்ற விதி 1990-ல் வந்தது. சரி, அதே இரண்டு ஊரிலும் முடி வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு மசால் தோசை சாப்பிடுங்கள், இரண்டு அறை வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். லாரியில் ஏறும் சரக்குக்கு ஊருக்கு ஊர் பெரிய விலை வித்தியாசம் இருப்பதில்லை. லாரியில் ஏறாதது நிலம். தோசைக்கும் முடிவெட்டுக்கும் சேர்த்து வாடகையை நம்மிடம் வாங்கிக்கொள்வது அதுதான்.

★ தூரத்தையே விலையிலிருந்து அழித்துவிட நம் அரசு ஒரு காலத்தில் முயன்றது. சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை என்று பெயர். 1952-ல் தொடங்கி 1993 வரை நடந்தது. ஜாம்ஷெட்பூரில் உருக்கிய இரும்பு, ஜாம்ஷெட்பூரிலும் சென்னையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தது. வண்டிக்கூலி வித்தியாசத்தை அரசு ஈடுகட்டியது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைக்க யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் இழந்தன. துறைமுகமும் சந்தையும் இருந்த மேற்கும் தெற்கும் ஆலைகளைப் பெற்றன. ஆலைக்குப் பின்னால் ஆள் வந்தது, ஆளுக்குப் பின்னால் வாடகை ஏறியது.

★ மத்திய அரசு ஊழியருக்கு ஊர்கள் மூன்றே ஜாதி: எக்ஸ், ஒய், இசட். மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேல் என்றால் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய், மற்றதெல்லாம் இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி முறையே 30, 20, 10 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கும் ஒருவர் சென்னையில் இருந்தால் படி 15,000. திருச்சிக்கு மாற்றல் வந்தால் 10,000. அங்கிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினால் 5,000. திருச்சிக்கும் தஞ்சைக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் வீட்டுக்காரர்கள் இந்த அரசாணையைப் படித்துவிட்டா வாடகை சொல்கிறார்கள்?

★ இதில் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. தமிழ்நாட்டில் கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய். 2011 கணக்கெடுப்பில் நெல்லை நகரத் தொகுதி அந்த ஐந்து லட்சத்தைச் சில ஆயிரம் பேரில் கோட்டைவிட்டது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வாடகை மட்டும் ஏற, வகுப்பு இசட்டிலேயே நின்றது. மறுபக்கம் ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா, குர்கான் ஊழியர்களுக்குத் தனி ஆணையின் பேரில் டெல்லியின் எக்ஸ் விகிதம். தலைநகரின் நிழலில் இருப்பதன் லாபம்.

★ வருமான வரிக்கு வேறு கணக்கு. 1962-ஆம் ஆண்டு விதிகளில் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வாடகைப்படி விலக்கு என்ற சலுகை மும்பை, கொல்கத்தா, டெல்லி, சென்னைக்கு மட்டும் இருந்தது. மற்ற எல்லா ஊருக்கும் 40. பெங்களூரு ஐ.டி. ஊழியர் எவ்வளவு வாடகை கட்டினாலும் அந்த விதிப்படி அவர் ‘மற்ற ஊர்’க்காரராகவே இருந்தார்.

★ கிராமத்து வாழ்க்கை நகரத்தைவிடச் செலவானது என்றால் நம்புவீர்களா? டெண்டுல்கர் முறைப்படி திட்டக் குழு வெளியிட்ட 2011-12 வறுமைக் கோட்டில் கேரளத்துக் கிராமத்துக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 1,018 ரூபாய்; கேரளத்து நகரத்துக்கு 987. அங்கே ஊர் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது என்பதை நினைத்தால் இது அவ்வளவு அதிசயமில்லை. அதே பட்டியலில் தமிழ்நாட்டுக் கிராமம் 880, நகரம் 937. ஒடிசாக் கிராமம் 695. கேரளக் கிராமத்தில் கோட்டுக்குச் சற்றே கீழே நின்று ஏழை என்று கணக்கில் வந்தவர், அதே பணத்தோடு ஒடிசாக் கிராமத்துக்குக் குடிபோனால் ஏழை இல்லை.

★ 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் சிக்கிம் கிராமத்தில் ஒருவருக்கு மாதச் செலவு 9,377 ரூபாய். அகில இந்திய நகரச் சராசரியே 6,996-தான். சத்தீஸ்கர் கிராமத்தில் 2,739. ஒரு எச்சரிக்கை: செலவு வேறு, விலைவாசி வேறு. சிக்கிம்காரர் கூடுதலாக வாங்குகிறாரா, அதே பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறாரா என்பதை இந்த எண் சொல்லாது. மேடைப் பேச்சாளர்களுக்கு அந்தக் கவலை இருப்பதில்லை.

★ நூறு நாள் வேலைக் கூலி 2024-25-ல் ஹரியானாவில் 374 ரூபாய், தமிழ்நாட்டில் 319, நாகாலாந்திலும் அருணாசலத்திலும் 234. சிக்கிமுக்குள் மட்டும் ஞாதாங், லாச்சுங், லாச்சேன் என்று மூன்று பஞ்சாயத்துகளுக்குத் தனிக் கூலி: அதுவும் 374. மலை உச்சிக்கு உப்பும் பருப்பும் போய்ச் சேருவதற்குள் என்ன விலையாகும் என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

★ விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியது என்று மாதாமாதம் செய்தி வருகிறதே, 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த அதன் பழைய குறியீட்டில் நகரத்துக்கு வீட்டு வாடகையின் எடை 21.67 சதவீதமாக இருந்தது. கிராமத்துக்கு? பூஜ்யம். கிராமத்தில் யாரும் வாடகை கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அடியோடு பொய்யும் இல்லை: 2011 கணக்குப்படி கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு மூன்று நான்குதான் வாடகை வீட்டில் இருந்தன, நகரத்தில் 27-க்கு மேல்.

★ நாகர்கோவில் சொந்தக்காரர் ‘சென்ட் பத்து லட்சம்’ என்கிறார். சென்னைத் தரகர் ‘சதுர அடி ஆறாயிரம்’ என்கிறார். கேட்டவுடன் பத்து லட்சம்தான் மலைப்பாக இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் நாகர்கோவில் விலை சதுர அடிக்கு 2,300-க்குள் வந்துவிடும். சென்னையில் கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. டெல்லிப் பக்கம் ‘கஜம்’: 9 சதுர அடி. தஞ்சாவூரில் நூறு குழி ஒரு மா. குழி 144 சதுர அடி, ஆக மா 14,400. வங்காளத்தில் இருபது கட்டா ஒரு பிகா. கட்டா 720 சதுர அடி, ஆக அதுவும் அதே 14,400! காவிரிக்காரரும் கங்கைக்காரரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் போய் அதே பிகாவை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அங்கே பிகாவின் அளவு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

★ மும்பையில் ஒரே கட்டடத்தில் ஒரு குடித்தனக்காரர் மாதம் சில நூறு ரூபாயும், எதிர் வீட்டுக்காரர் லட்சக்கணக்கிலும் வாடகை கொடுக்க முடியும். 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி என்ன வாடகையோ அதையே அளவுகோலாக வைத்தது. வாடகை உறைந்தது, வீட்டின் மதிப்பு உறையவில்லை. இரண்டுக்கும் நடுவில் முளைத்ததுதான் ‘பகடி’. பழைய குடித்தனக்காரர் தன் வாடகை உரிமையையே பெரிய தொகைக்குப் புதியவருக்குக் கைமாற்றுவார், அதில் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு போகும். பல காலம் மேசைக்கு அடியில் நடந்த இதை 1999-ல் வந்த புதிய வாடகைச் சட்டம் மேசைமேல் கொண்டுவந்தது. வாடகை வராத கட்டடத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? தென் மும்பையில் விலை உயர்ந்த நிலத்தின் மேல் முட்டுக்கொடுத்து நிற்கும் பழைய கட்டடங்களுக்கு இது ஒரு பெரிய காரணம்.

மும்பை விலைக்கு இன்னொரு காரணம் கட்டட விதி. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஊரில் மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 1.33, புறநகருக்கு 1. அதாவது ஆயிரம் சதுர அடி மனையில், விதிவிலக்கு வாங்காமல், 1,330 சதுர அடிதான் கட்ட முடிந்தது. சென்னையில் இந்த அளவு 2019 பொதுக் கட்டட விதிகளில் 1.5-லிருந்து 2 ஆனது. மும்பையின் விலையைக் கடல் பாதி ஏற்றியது என்றால் மீதியை ஏற்றியது கோப்பு.

★ அட்வான்ஸ்: பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம், சென்னையிலும் அப்படித்தான் இருந்தது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற ஓட்டை வழியாக ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிச் செல்லலாம்.

மதுரைப் பக்கம் வாடகையே வேண்டாம், ஒத்திக்கு வா என்பார்கள். பெங்களூரில் இதே ஏற்பாடு லீஸ். ஐந்து லட்சத்தைக் கொடுத்து மூன்று வருடம் குடியிருந்துவிட்டு, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வது. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 35,000 வந்திருக்கும். ஆக உண்மை வாடகை மாதம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. மலிவுதான். ஆனால் வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமலும், ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமலும் பணத்தைக் கொடுத்தவர்கள்தான் பிறகு கோர்ட் வாசலில் நிற்கிறார்கள்.

★ 2011-ல் இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. அடுத்த ஆண்டு அரசுக் குழு போட்ட கணக்கில் நகர வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி. ஒரு கோடி ரூபாய் ஃபிளாட்டுக்கு மாத வாடகை 20,000, 25,000 வந்தால் வருமானம் இரண்டரை, மூன்று சதவீதம். குடிவைத்தவர் காலி செய்யாவிட்டால் தலைவலி நூறு சதவீதம். விலை ஏறினால் போதும் என்று பூட்டி வைக்கிறார்கள்.

★ கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் மாஹே. சுமார் 9 சதுர கிலோமீட்டர். கேரளத்துக்குள் இருந்தாலும் புதுச்சேரி ஆட்சி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்குள் வரவில்லை, மாநில வரியே நீடித்தது. புதுச்சேரியில் அந்த வரி குறைவு. ஆகவே அந்தத் துணுக்கு ஊரில் வரிசையாகப் பங்க்குகள், பங்க்குகளில் வரிசையாகக் கேரள லாரிகள். புதுச்சேரிக்கு அடுத்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

★ தமிழ்நாட்டில் 2017 ஜூனில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-ல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வை தனி. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. அதிகபட்ச மிச்சம் 10,000 ரூபாய். அரியலூர், ராமநாதபுரம் பக்கம் மனை வாங்கும் பெண்ணுக்கு இது நிஜமான பணம், பத்திர எழுத்தர் கூலியும் போக மிஞ்சும். சென்னைக்குள் 10 லட்சத்துக்கு வீடு தேடுகிறவர் முதலில் வீட்டைக் கண்டுபிடிக்கட்டும். மகாராஷ்டிரத்தில் பெண் வாங்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையிலேயே 1 சதவீதம் குறைவு. இரண்டு கோடி ரூபாய் மும்பை ஃபிளாட்டுக்கு அது இரண்டு லட்சம். அங்கே தரகர் கேட்கும் முதல் கேள்வியே ‘யார் பெயரில்?’ என்பதுதான்.