பூச்சிச் சத்தம் நிற்கும் அரை நொடி

காரணம் சொல்ல முடியாத முன்னுணர்வு, நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேளையில்தான் வரும். பெரட்டு என்ற காலைப் பெயர்க் கணக்கு முடிந்து, உளியும் வாளியுமாக ஆட்கள் மர நிரைக்குள் நுழைந்திருப்பார்கள். வெளிச்சம் இன்னும் வந்திருக்காது. லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கத்துக் கதையைக் கேட்டாலும் அமைப்பு மாறுவதில்லை. மரம் சீவிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிற்பார். கையில் மயிர் சிலிர்க்கும். என்னமோ சரியில்லை என்று தோன்றும். அந்த நிரையை விட்டு விலகிவிடுவார். விடிந்த பிறகு அங்கே காட்டுப்பன்றி இறங்கிய தடமோ சுருண்டு கிடக்கும் மலைப்பாம்போ கண்ணில் படும். ஒன்றும் படாவிட்டால் முனி நடந்ததாக முடிவாகும்.

இந்த வேளையைத் தேர்ந்தது முனியல்ல, மரம். ரப்பர் மரப்பட்டையின் பால்குழாய்களுக்குள் விடியலுக்கு முன் 10 முதல் 15 வளிமண்டலம் வரை அழுத்தம் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அது சரியும். பால் மெதுவாக வடியும், சீக்கிரமே நின்றும் போகும். பால் பிடிக்கும் மங்கு நிறைய வேண்டுமென்றால் இருட்டோடு போயாக வேண்டும். போதாக்குறைக்கு 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அங்கே சூரியன் எழவே 7 மணி ஆகிறது. விளக்கு வட்டத்துக்கு வெளியே கண்ணுக்கு வேலையில்லை. மிச்சத்தைக் காதுதான் பார்த்துக்கொள்கிறது.

காது இதை எப்படிச் செய்கிறது என்பதற்கான தடயம் 1978இல் பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் குழுவினரின் ஆய்வில் கிடைத்தது. இத்தகைய சோதனைகளில் ஒருவரைப் புத்தகம் படிக்கச் சொல்லிவிட்டு, காதில் ஒரே மாதிரியான ஒலியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அவர் அதைக் கவனிப்பதே இல்லை. நடுவில் ஓர் ஒலி மட்டும் சற்றே மாறுகிறது. அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, மாற்றம் நிகழ்ந்த 150 முதல் 200 மில்லி வினாடிக்குள், மூளையின் மின்பதிவில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் சில நோயாளிகளிடமும் இது பதிவாகிறது. அப்படிப் பதிவானவர்கள் கண் விழிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவர்கள் இதைத் தேடிப் பார்ப்பதும் உண்டு. ‘மாற்றத்தைக் கண்டேன்’ என்று மூளை சொல்வதற்கு அதன் உரிமையாளர் விழித்திருக்க வேண்டியதுகூட இல்லை.

இதைவிட வியப்பானது பின்னால் வந்தது. ஒலி மாறாமல், வர வேண்டிய ஒலி வராமலே போனாலும் அந்தப் பள்ளம் விழுகிறது. இல்லாத ஒன்றுக்கு மூளை பதில் சொல்கிறது. அப்படியானால் அது வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, வருவதோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. ஒலிகள் நெருக்கமாக, ஏறத்தாழ 150 மில்லி வினாடிக்குள் ஒன்றையொன்று தொடர வேண்டும். தோட்டத்துச் சுவர்க்கோழியின் சத்தம் அதைவிட நெருக்கமான துடிப்புகளால் ஆனது. அதன் வாலருகே உள்ள இரட்டை இழைகளில் அடர்ந்த நுண்மயிர்கள் காற்றின் சிறு அசைவையும் உணரும். கால்கள் நில அதிர்வை உணரும். கனத்த கால் ஒன்று அருகே பதிந்தால் பூச்சி வாயடைத்துப் போகும். அடுத்த நிரையில் ஏதோ ஒன்று நகர, அந்த ஓரத்துப் பூச்சிகள் மட்டும் அடங்குகின்றன. மரம் சீவுகிறவருக்கு எதுவும் ‘கேட்கவில்லை’. ஆனால் வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை என்பது பதிவாகிவிட்டது.

இருட்டில் ரப்பர் தோப்பு நடுவே எவர் தலையிலும் மின்முனை ஒட்டிப் பார்த்து எழுதியதல்ல இது. ஆய்வகத்தில் தெரிந்ததைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்பதுதான். பொருத்தம் நன்றாக இருக்கிறது. தோலில் வியர்வை கசிந்து மின்கடத்தல் கூடுவதற்கு 1 முதல் 3 வினாடி பிடிக்கும். மூளை கால் நொடிக்குள் கண்டுபிடித்துவிட்டது. உடம்பு ஓரிரு நொடி கழித்துப் பதறுகிறது. ஏன் பதறுகிறோம் என்ற விசாரணை அதற்கும் பிறகுதான் தொடங்குகிறது.

பழைய காலத்துத் தோட்டப் பெரட்டே இதற்கு நல்ல உவமை. கங்காணி பாதித் தூக்கத்தில் பெயர் வாசிக்கிறார். ‘இருக்கேன்’, ‘இருக்கேன்’ என்று பதில் வரும்வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு பெயருக்குப் பதில் வராத அந்தக் கணத்தில்தான் தூக்கம் கலைகிறது. உடனே ஒரு சத்தம் போடுகிறார். நாலு பேர் லயத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குச் சேதி கடைசியாகத்தான் போகிறது, அதுவும் ‘ஆள் குறைவு’ என்று மட்டும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. ஆகவே போன மாதப் பக்கத்தைப் புரட்டி ‘காய்ச்சல்’ என்று எழுதுகிறார். தோட்டமே முனியைப் பற்றிப் பேசும் வாரமாக இருந்தால் ‘முனி’ என்று எழுதுவார். அதைத் துரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார், அது கம்பெனியின் ஆண்டறிக்கையில் அச்சேறுகிறது, லண்டன் பங்குதாரர்கள் படிக்கிறார்கள். கங்காணியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் தலைக்குள் இருக்கும் கங்காணியைக் கேட்டுப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன். தீயணைப்பு அதிகாரி ஒருவர், ஒற்றைத் தள வீட்டின் சமையலறைத் தீயை அணைக்கும்போது காரணமே தெரியாமல் தன் ஆட்களை வெளியே இழுத்தார். மறுகணம் தரை இடிந்து விழுந்தது. தனக்கு அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அவர் நம்பிவந்தார். பொறுமையாக விசாரித்தபோது மூன்று பொருந்தாமைகள் வெளியே வந்தன: தண்ணீர் அடித்தும் தீ தணியவில்லை, கூடம் அளவுக்கு மீறிச் சுட்டது, அவ்வளவு சூட்டுக்குத் தீயின் இரைச்சல் போதவில்லை. நெருப்பு அவர் காலடியில், நிலவறையில் இருந்தது.

பொருந்தாமையைக் கண்டுபிடிக்கும் இதே வேலை மாதக்கணக்கில் மெதுவாக நடந்ததும் உண்டு. அது நடந்தது நெகிரி செம்பிலானிலேயே. 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சில ‘பதில்கள்’ வரவில்லை. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணையில் உழைத்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே இருமிச் செத்தன. பண்ணைக்காரர்களிலும் மருத்துவர்களிலும் பலருக்கு ‘இது அது இல்லை’ என்ற உறுத்தல் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் அந்த உறுத்தலைக் கனவாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் செல் வளர்ப்பில் போட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று கலந்து பூதாகாரமாகப் பெருத்தன. மாதிரியை அமெரிக்காவுக்கே கொண்டுபோய்ப் புதிய வைரஸ் என்று உறுதி செய்தார்கள். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு நிலைத்தது. மலேசியாவில் 265 பேரைப் பிடித்த அந்த நோய் 105 பேரைக் கொன்றது.

முன்னுணர்வை அமானுஷ்ய சக்தியாகத் தேடிய ஆய்வுகளின் வரலாற்றை விரிவாகச் சொல்வதில் பெரிய லாபமில்லை. 1882இல் லண்டனில் அமானுஷ்ய ஆய்வுக் கழகம் தொடங்கியது. 1930களில் ஜே. பி. ரைன் அமெரிக்காவில் ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து ஊகிக்கச் சொன்னார். 2011இல் உளவியலாளர் டாரில் பெம் ஒன்பது சோதனைகளோடு, எதிர்காலத்தை உணர முடிகிறது என்று மதிப்புள்ள இதழிலேயே எழுதினார். மற்றவர்கள் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. இப்போது ‘குவாண்டம்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். சரக்கு பழசுதான்.

காரணம் தெரியாமல் உடம்பு பதறும் இந்தக் கணம் கதைக்காரர்களை இழுப்பதற்குக் காரணம் எளிது: விளைவு முதலில் வருகிறது, காரணம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்புவதுதான் அவர்கள் தொழில். சாமர்செட் மாம் 1926இல் வெளியிட்ட மலாயாக் கதைத் தொகுப்பில், ஊர் திரும்பும் தோட்டக்காரர் ஒருவர் கப்பலில் விக்கலெடுத்தே சாகிறார். அவர் கைவிட்ட பெண்ணின் சாபம் என்று பேச்சு, மாம் அதை உறுதிசெய்வதும் இல்லை மறுப்பதும் இல்லை. சுஜாதா ‘கொலையுதிர் காலம்’ முழுக்க ஆவியையும் அறிவியலையும் மோதவிட்டார். இந்திரா சௌந்தர்ராஜன் ‘விடாது கருப்பு’ தொடரில் கருப்பசாமியின் குதிரைக் குளம்பொலியை வாரக்கணக்கில் ஓடவிட்டார். திறமை இருப்பது அந்த இரண்டு மூன்று நொடி இடைவெளியை நீட்டுவதில். பேயை நேரில் கொண்டுவந்து நிறுத்தியதும் பயம் பாதியாகிவிடுகிறது.

எழுத்தாளர்கள் அதிகம் கடன்பட்டிருப்பது ஜே. டபிள்யூ. டன் என்ற பொறியாளருக்கு. 1902இல் ஒரு தீவின் எரிமலை வெடித்து 4,000 பேர் சாவதாகக் கனவு கண்டார். மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலைச் செய்தியோடு நாளிதழ் வந்தது. அதில் இருந்த எண் 40,000. அதை 4,000 என்றே படித்தார். பிழை தெரிந்தது பல ஆண்டுகள் கழித்து. உண்மையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். எண் இப்படித் தவறியும் அவர் கனவைக் கைவிடவில்லை: தான் முன்கூட்டிக் கண்டது வெடிப்பை அல்ல, நாளிதழ் படிக்கப்போகும் கணத்தை என்று விளக்கி, 1927இல் காலத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஜே. பி. பிரீஸ்ட்லி அதிலிருந்து நாடகம் செய்தார். செய்தியைப் படித்த பிறகு கனவு நினைவில் திருத்தி எழுதப்பட்டது என்ற எளிய விளக்கத்தில் நாடகம் இல்லை. 2018இல் உளவியலாளர் ஆன் கிளியரி, ஏற்கெனவே பார்த்தது போன்ற உணர்வு எழுந்தவர்களிடம், போய்க்கொண்டிருக்கும் பாதையில் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவோம் என்று கேட்டார். தெரிந்துவிட்டது என்ற உணர்வு அவர்களுக்குப் பலமாக இருந்தது. விடைகள் குருட்டு ஊகத்தைவிட மேலானவையாக இல்லை.

எந்த உள்ளுணர்வை நம்பலாம் என்பதற்குக் கிளைனும் இன்னோர் உளவியலாளரான டேனியல் கானமனும் 2009இல் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும். ஊகம் சரியா தப்பா என்பது அடிக்கடி, சீக்கிரம் தெரியவர வேண்டும். தினமும் அதே நிரைக்குப் போகிறவரின் காது இரண்டிலும் தேறும். அதே ஆள் மாலையில் கனவில் வந்த எண்ணை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் கட்டினால் ஒன்றிலும் தேறாது. 10,000 எண்களில் ஒரு குலுக்கலுக்கு 23 எண்களுக்கு ஏதாவது பரிசு உண்டு; சராசரியாக 435 சீட்டுக்கு ஒன்று அடிக்கும். அடித்தவர் முதல் நாள் இரவு பாம்பைக் கனவில் கண்டிருந்தால் அது தோட்டம் முழுக்கப் பரவும். மற்ற 434 பேர் என்ன கனவு கண்டார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.