முதுகுவலிக்குப் படுக்கை மருந்தா?



எங்கள் பிசியோதெரபி பகுதிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பலர், "எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?" என்றே முதலில் கேட்கிறார்கள். "படுக்க வேண்டாம், முடிந்த அளவு நடமாடுங்கள்" என்று நாங்கள் சொன்னால் சிலருக்கு வருத்தம் உண்டாகிறது. இரக்கமில்லாமல் பேசுகிறோமோ என்று எண்ணுகிறார்கள். இந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்பதை இம்முறை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

முன்பெல்லாம் முதுகுவலிக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ படுக்கையில் இருக்கச் சொல்வது வழக்கம். நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் சொன்னார்கள். படுத்தவர்கள் சுகமாகி எழுந்ததும் உண்மை. ஆனால் திடீரென வரும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அந்த நாட்களில் எதைச் செய்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். ஆகவே இரு பிரிவினரை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

1986-ல் அமெரிக்காவில் டாக்டர் ரிச்சர்ட் டெயோ குழுவினர் அதைத்தான் செய்தார்கள். 203 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பிரிவினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. மற்றபடி சுகத்தில் வித்தியாசம் இல்லை. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வில், 2 நாள் படுத்தவர்களைவிடவும், முதுகுப் பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி இடம் கொடுத்த அளவில் அன்றாட வேலைகளைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். பயிற்சி சொல்லித் தருகிற எங்களுக்கே அது ஒரு பாடம். நாட்பட்ட வலிக்குப் பயிற்சி உதவுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன.

இவ்விதம் சோதித்து அறிந்ததைக் கொண்டு சிகிச்சை செய்வதையே ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்கிறார்கள். ஆய்வை மட்டும் பார்த்தால் போதாது என்று 1996-ல் டாக்டர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய தோழர்களும் எழுதினார்கள். ஆய்வின் முடிவு, சிகிச்சை தருகிறவரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். செங்கல் சுமக்கும் தாய்க்கும் மேசையில் எழுதும் குமாஸ்தாவுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

சில வேளை முடிவு நம் மனதுக்குப் பிடித்ததாய் இராது. பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து, வீட்டில் சிகிச்சை தொடரச் செய்தால் எவ்வளவு நன்மை என்று யாரும் எண்ணுவோம். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் மரித்தவர்களும் பிறர் உதவியை நம்பி இருப்பவர்களும் சேர்ந்து, இரு பிரிவிலும் 47 சதவீதமே. குடும்பத்தின் அன்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேல் அந்தப் பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை. அதை அறியாமல் எல்லா ஊர்களிலும் தொடங்கியிருந்தால், களைத்துப்போன குடும்பங்கள்மேல் இன்னொரு பாரத்தை வைத்திருப்போம்.

அன்பானவர்களே, "புதிய மெஷின் ஏதாவது வாங்கித் தரட்டுமா?" என்று யாராவது ஆசையோடு கேட்டால், "அது உதவுகிறது என்று சோதித்திருக்கிறார்களா?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கக்கூடும். தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் மனதாரக் கொடுப்பதும் வியாதியஸ்தரின் நேரமும் வீணாகக்கூடாது என்பதே எங்கள் கவலை.

ஒரு எச்சரிக்கை: முதுகுவலியோடு கால் பலவீனம், மறைவிடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல் ஆகியவை இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

அன்புடன்,
பிசியோதெரபி பகுதி ஊழியர்கள்