புறப்படும் நேரமும் புறப்பட வேண்டிய நேரமும்

பெங்களூரு மாநகரின் தென்கோடியில் எலக்ட்ரானிக் சிட்டி உள்ளது. கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில் அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அந்நிலையத்திலிருந்து மதுரைக்குச் செல்ல விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு மணியைச் சற்றே தாண்டும். ஆனால், மாலை வேளையில் வீட்டிலிருந்து விமான நிலையத்தைச் சேர்வதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். வானத்தில் செல்லும் நேரத்தைவிடச் சாலையில் கழியும் நேரம் மிகுதி என்பது விந்தையாகத் தோன்றினும் உண்மையே.

முன்னர் நிலைமை இவ்வாறில்லை. பெங்களூருவின் பழைய விமான நிலையம் நகருக்குள்ளேயே இருந்தது. தேவனஹள்ளி நிலையம் 2008ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஐதராபாத்திலும் நகருக்கு வெளியே ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் செயல்படத் தொடங்கியது. விமான நிலையங்கள் நகரைவிட்டு விலகிச் சென்றதால், அங்குச் சென்று சேர்வதே ஒரு தனிப் பயணமாயிற்று. பெங்களூருவில் ‘வாயு வஜ்ரா’ என்னும் மாநகரப் பேருந்துகள் இதற்கெனவே இயக்கப்படுகின்றன. தனியாகச் செல்வோர்க்கும் பெட்டிகள் குறைவாக உள்ளோர்க்கும் அவை ஏற்றவை. முதியோர், குழந்தைகள், பல பெட்டிகள் ஆகியவற்றோடு விடியுமுன் புறப்படும் குடும்பத்தினர் பெரும்பாலும் வாடகைக் காரையே நாடுகின்றனர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசன் ஒரு செயலில் இறங்குமுன் அறிய வேண்டியவை அவை. வாடகைக் காரை முன்பதிவு செய்வது சிறு செயலே ஆயினும், அதற்கும் காலம், இடம், வண்டியின் வலிமை ஆகிய மூன்றையும் அறிதல் வேண்டும்.

காலம்: பின்னோக்கிக் கணக்கிடுதல்

பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது விமானம் புறப்படும் நேரம். வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நேரம் அதில் இராது. அதனைப் பயணிகளே கணக்கிட்டு அறிய வேண்டும். இக்கணக்கு விமானத்தில் தொடங்கி வீட்டில் முடியும்.

உள்நாட்டுப் பயணத்தில், பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடுகின்றன. எனவே, உள்நாட்டுப் பயணிகள் இரண்டு மணி நேரத்திற்கு முன்னரும், வெளிநாடு செல்வோர் மூன்று மணி நேரத்திற்கு முன்னரும் நிலையத்தை அடைவது நல்லது.

காலை 7.00 மணிக்கு மதுரை செல்லும் விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

விமானம் புறப்படும் நேரம்: காலை 7.00
முகப்பு மூடப்படும் நேரம்: காலை 6.00
நிலையத்தை அடைய வேண்டிய நேரம்: காலை 5.00
விடியற்காலைச் சாலைப் பயணம்: 1 மணி 15 நிமிடம்
எதிர்பாராத் தடைகளுக்கு ஒதுக்குவது: 30 நிமிடம்
வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டிய நேரம்: அதிகாலை 3.15

அதே வீட்டிலிருந்து மாலை 7.00 மணி விமானத்திற்குச் செல்வதாயின் கணக்கு மாறும். சில்க் போர்டு சந்திப்பு, வெளிவட்டச் சாலை, ஹெப்பாள் மேம்பாலம் ஆகிய இடங்களில் நெரிசல் மிகும். சாலைப் பயணத்திற்கு 2 மணி 15 நிமிடமும், தடைகளுக்கு 45 நிமிடமும் ஒதுக்கினால், பிற்பகல் 2.00 மணிக்கே புறப்பட வேண்டியிருக்கும். மழை நாளில் இன்னும் முன்னதாகப் புறப்படுவதே அறிவுடைமை.

தடைகளுக்கென ஒதுக்கும் நேரம் வீணன்று. மின்தூக்கி நிற்கலாம், வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கலாம், வாயிற்காவலர் வண்டியை உள்ளே விடத் தாமதிக்கலாம். அவை யாவும் நிகழாவிடில், அந்த அரை மணி நேரத்தை நிலையத்தில் அமைதியாக அமர்ந்து கழிக்கலாம். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க எண்ணி விமானத்தைத் தவறவிட்டால், பயணச்சீட்டுத் தொகையின் பெரும்பகுதியை இழக்க நேரிடும். பணத்தை மீண்டும் ஈட்டலாம். தாத்தாவின் மணிவிழா மீண்டும் வாராது.

நள்ளிரவில் மாறும் நாள்

முன்பதிவில் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. விமான நிறுவனங்கள் 24 மணிக் கணக்கைப் பின்பற்றுகின்றன. பயணச்சீட்டில் ‘15ஆம் நாள், 00.40’ என்றிருந்தால், அது 14ஆம் நாள் இரவு முடிந்து 40 நிமிடங்கள் ஆன நேரம். அது வெளிநாட்டு விமானமாயின், 14ஆம் நாள் இரவு 9.40 மணிக்கே நிலையத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே, கார் வர வேண்டிய நாள் 14, 15 அன்று. 15ஆம் நாள் இரவுக்குக் காரைப் பதிவு செய்தோர் வாசலுக்கு வரும்போது, விமானம் முந்தைய இரவே சென்றிருக்கும். நாளோடு கிழமையையும் சேர்த்து எழுதிச் சரிபார்த்தால் இப்பிழை நேராது.

இடம்: எந்த நிலையம், எந்த முனையம்?

‘விமான நிலையம்’ என்று மட்டும் கூறுவது போதாது. கோவாவில் தாபோலிம், மோபா என இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. ஒன்று தெற்கிலும் மற்றது வடக்கிலும் அமைந்துள்ளது. தில்லியிலும் மும்பையிலும் ஒரே நிலையத்தின் முனையங்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒரு முனையத்தில் இறங்கி மற்றொன்றுக்குச் செல்வதற்குள் முகப்பு மூடப்பட்டுவிடலாம். பெங்களூருவில் இரண்டு முனையங்கள் அருகருகே இருப்பினும், எதிலிருந்து விமானம் புறப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்து ஓட்டுநரிடம் கூறுதல் நன்று.

ஏறுமிடத்தையும் தெளிவாகக் கூற வேண்டும். பெரிய குடியிருப்புகளில் பல வாயில்கள் இருக்கும். செயலியிலுள்ள வரைபடம் பின்வாயிலைக் காட்ட, குடும்பத்தினர் முன்வாயிலில் காத்திருப்பதுண்டு. கட்டடத்தின் பெயர், வாயில் எண், அருகிலுள்ள கோயில் அல்லது கடை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் ஓட்டுநர் தேடியலைய நேராது.

வலிமை: வண்டியின் கொள்ளளவு

சிறிய காரில் ஓட்டுநரைத் தவிர நால்வர் அமரலாம். ஆனால், நால்வரின் பெட்டிகளும் அதில் அடங்கும் என்று கொள்ளுதல் தவறு. தில்லி, மும்பை போன்ற நகரங்களில் பல வாடகைக் கார்கள் இயற்கை எரிவாயுவால் இயங்குகின்றன. அவற்றின் எரிவாயு உருளை ‘டிக்கி’ எனப்படும் பின்புறப் பெட்டியறையில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். மூன்று பெரிய பெட்டிகளும் பாட்டியின் சக்கர நாற்காலியும் உடன் வருவதாயின், ஆறு பேர் அமரும் பெரிய வண்டியைப் பதிவு செய்வதே பொருத்தம். முன்பதிவின்போதே ஆட்களின் எண்ணிக்கையையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் கூறிவிடல் வேண்டும்.

கட்டணம்: முன்னரே பேசுதல்

விமான நிலையப் பயணத்திற்குக் கட்டணம் இரு வகையாக அமையும். முன்னரே ஒரு தொகையைப் பேசி முடிப்பது ஒரு வகை. புறப்படும் வேளையில் செயலி காட்டும் தொகையை ஏற்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில், வண்டிகளுக்குத் தேவை மிகும்போது கட்டணமும் உயரும்.

எவ்வகையாயினும் பின்வருவனவற்றைக் கேட்டறிய வேண்டும்: சுங்கக் கட்டணம் பேசிய தொகைக்குள் அடங்குமா? நிறுத்துமிடக் கட்டணம் தனியா? இரவுப் பயணத்திற்குக் கூடுதல் தொகை உண்டா? எவ்வளவு நேரம் வரை காத்திருப்பார்கள்? பயணத்தைக் கைவிட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? இவற்றின் விடைகளைக் குறுஞ்செய்தியாகப் பெற்றுக்கொண்டால் இறங்கும்போது வாக்குவாதம் எழாது.

பாதுகாப்பு

இந்தியாவில் வாடகைக்கு ஓடும் கார்களின் பதிவெண் பலகை மஞ்சள் நிறத்தில் இருக்கும்; எழுத்துகள் கறுப்பு நிறத்தவை. சொந்தக் கார்களுக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துகள். மின்கலத்தால் இயங்கும் வாடகைக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள். வந்து நிற்கும் வண்டியின் பதிவெண், முன்பதிவுச் செய்தியில் உள்ள எண்ணோடு ஒத்திருந்தால் மட்டுமே ஏற வேண்டும்.

வண்டியில் ஏறியபின் பயணத்தைத் தொடங்குவதற்காகச் சில செயலிகள் நான்கு இலக்க எண் ஒன்றைத் தருகின்றன. இதனை மக்கள் ‘ஓடிபி’ என்பர். பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் எண்ணுக்கும் அதே பெயர்தான். முதலாவதை ஏறியபின் ஓட்டுநரிடம் கூறலாம். இரண்டாவதை எவரிடமும் கூறுதல் கூடாது. அறியாத எண்ணிலிருந்து அழைத்து, “முழுத் தொகையையும் இப்போதே அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துவோரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

புறப்பட்டதும் பயண விவரத்தை வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பலாம். பின்னிருக்கையில் இருப்போரும் இருக்கைப்பட்டை அணிதல் கட்டாயம். இடர் நேர்ந்தால் நாடு முழுவதும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஓட்டுநரின் இரவு

அதிகாலை 3.15 மணிக்கு வாசலில் நிற்க வேண்டிய ஓட்டுநர், 2 மணிக்கோ அதற்கு முன்னரோ எழுந்திருப்பார். சிலர் முந்தைய பயணத்தை முடித்துவிட்டு வண்டியிலேயே சிறிது நேரம் கண்ணயர்வர். செயலி வழி வண்டிகளை இணைக்கும் நிறுவனங்களுக்கு நடுவண் அரசு 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்திற்கு மேல் பணியாற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஓட்டுநரின் உறக்கம் பயணிகளின் உயிரோடு தொடர்புடையது என்பதே அதன் காரணம்.

எனவே, முன்பதிவு என்பது இரு தரப்பினரும் ஒருவருக்கொருவர் தரும் வாக்கு. ஓட்டுநர் குறித்த நேரத்தில் வர வேண்டும். குடும்பத்தினரும் குறித்த நேரத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பயணம் கைவிடப்படின் உடனே தெரிவிக்க வேண்டும். பின்னிரவில் வெறும் வண்டியோடு திரும்பும் ஓட்டுநருக்கு அந்நாளின் வருவாய் போய்விடும். தாமதமாகக் கிளம்பிவிட்டு, “விரைந்து ஓட்டுங்கள் அண்ணா” என்று நெருக்குவதும் முறையன்று. வீட்டில் இழந்த நேரத்தைச் சாலையில் மீட்க முயல்வதே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது.

சிறுவர் செய்யக்கூடிய உதவி

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து தாத்தா, பாட்டி வந்து தங்கிச் செல்வதுண்டு. அவர்களுள் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். செயலியோ ஆங்கிலத்தில் இருக்கும். ஓட்டுநர் கன்னடமோ இந்தியோ பேசலாம். அவர்கள் தனியே ஊர் திரும்பும்போது, எல்லா விவரங்களும் பிறர் கைப்பேசியில் இருந்து பயனில்லை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தரப்படும் குறிப்பு அவர்களுக்குப் பெருந்துணையாகும். கார் வரும் நேரம், பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், ஓட்டுநரின் பெயர், முனையத்தின் எண், விமானத்தின் எண், தர வேண்டிய தொகை, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்த பேரனோ பேத்தியோ பத்து நிமிடங்களில் இதனை எழுதிவிடலாம். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலும் தாளில் எழுதியது அழியாது.

சொல்லும் பொருளும்

முகப்பு – பயணிகளின் பெட்டிகளைப் பெற்றுக்கொள்ளும் இடம்
முனையம் – விமான நிலையத்தில் பயணிகள் வந்துசெல்லும் கட்டடம்
செயலி – கைப்பேசியில் ஒரு பணியைச் செய்ய உதவும் மென்பொருள்
மின்தூக்கி – லிஃப்ட்
சுங்கக் கட்டணம் – சாலையைப் பயன்படுத்தச் செலுத்தும் தொகை
மணிவிழா – அறுபது வயது நிறைவில் கொண்டாடும் விழா

வினாக்களுக்கு விடை எழுதுக

1. பயணச்சீட்டில் உள்ள நேரத்திற்கும் வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நேரத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘15ஆம் நாள், 00.40’ என்னும் குறிப்பைப் படிப்போர் எவ்வாறு பிழை செய்யக்கூடும்?
3. இருவகை ‘ஓடிபி’ எண்களை வேறுபடுத்திக் காட்டுக.
4. முன்பதிவு இரு தரப்பினரும் தரும் வாக்கு எனப்படுவது ஏன்?

கணக்கிடுக

உள்நாட்டு விமானம் ஒன்று இரவு 8.30 மணிக்குப் புறப்படுகிறது. சாலைப் பயணத்திற்கு 1 மணி 45 நிமிடமும், தடைகளுக்கு 30 நிமிடமும் தேவை. நிலையத்தை இரண்டு மணி நேரத்திற்கு முன் அடைய வேண்டுமெனில், கார் எத்தனை மணிக்கு வர வேண்டும்?

செயல்பாடு

தனியே ஊர் திரும்பும் பாட்டிக்காகப் பாடத்தில் கூறியவாறு ஒரு பயணக் குறிப்பைத் தமிழில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.