வயற்பறவைகளும் வீட்டுப் பிராணிகளும்

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் தொடங்கி, மீஞ்சூர், பொன்னேரி நன்செய்களைத் தழுவிக்கொண்டு பழவேற்காடு ஏரி வரையில் செல்லும் கரையோர நிலம், நெடுங்காலமாகப் பறவைகளுக்குப் பெயர் பெற்றதாகும். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் சேற்று நிலங்களிலும் உப்பளங்களிலும், ஐப்பசி முதல் மாசி வரையில், வடதேசங்களிலிருந்து வரும் உள்ளான்கள் இரை தேடுகின்றன. அவற்றையடுத்த வயல்களில் கரிச்சானும் நாகணவாயும் உண்ணிக்கொக்கும் பனங்காடையும் குடியானவனுடன் கூடவே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஏர் செல்லும் சாலின் பின்னே கொக்குகள் வரிசையாக நடந்துவரும் காட்சியை அறியாத விவசாயி இல்லை.

இப்பறவைகள் குறைந்து வருகின்றன என்பது இப்பொழுது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துள்ளன. 98 நிலையாக உள்ளன. 36 மட்டுமே பெருகியுள்ளன. யாவரும் அறிந்த பனங்காடையும் குறைந்துவரும் இனங்களுள் ஒன்றாகும்.

இதற்குக் காரணம் பலவாகும். சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டன. கழிமுகத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறை படிந்து தவித்ததை ஊரார் கண்டனர். வயல்களில் தெளிக்கும் நஞ்சும் ஒரு காரணமே. இவற்றையெல்லாம் தனியொரு குடியானவன் தடுத்துவிட இயலாது. ஆனால் அவனுடைய வீட்டு வாசலிலேயே இருக்கும் காரணம் ஒன்று உண்டு. கட்டுப்பாடின்றித் திரியும் பூனையும் நாயுமே அது.

பறவைகளால் விளையும் நன்மை

பூசா ஆராய்ச்சிசாலையில் மேசன் என்பவர் பறவைகளின் இரைப்பைகளைச் சோதித்து, அவை உண்பது யாதெனக் கண்டு எழுதிய நூலை 1912-ஆம் ஆண்டில் இந்திய விவசாய இலாகா வெளியிட்டது. கரிச்சான் வெட்டுக்கிளியையும் அந்துப் பூச்சியையும் பறந்து பிடிக்கிறது. நாகணவாய் மண்ணிலுள்ள புழுக்களைப் பொறுக்குகிறது. கூகை இரவு முழுவதும் எலி வேட்டையாடுகிறது. தானியம் கொத்தும் பறவைகளும் குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் பெரும்பாலும் புழுக்களையே ஊட்டுகின்றன.

இதை மறந்ததனால் நேர்ந்த கேட்டுக்குச் சீன தேசம் உதாரணமாகும். தானியத்தைத் தின்கின்றன என்று கருதி 1958-ஆம் ஆண்டு முதல் அங்கே சிட்டுக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். பூச்சிகள் மிகுந்து பயிருக்கு நஷ்டம் உண்டாயிற்று. 1960-ஆம் ஆண்டில், ஒழிக்க வேண்டிய ஜந்துக்களின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

பூனையினால் விளையும் தீங்கு

பூனை மனிதனை வந்தடைந்ததே தானியத்தை முன்னிட்டுத்தான். மேற்கு ஆசியாவில் பயிர்த்தொழில் தொடங்கிய காலத்தில் களஞ்சியத்து எலிகளைத் தேடி வந்த காட்டுப்பூனையின் வழிவந்ததே வீட்டுப்பூனை. ஆகையால் பூனையைப் பகையெனக் கொள்ளுதல் தகாது. எனினும் அதன் வேட்டைக் குணம் வயிறு நிறைந்தாலும் அடங்குவதில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பூனைகள் ஆண்டொன்றுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்லுகின்றன என்று 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பகுதி, உடையவர் இல்லாத பூனைகளின் வேலை. ஆஸ்திரேலியாவில் இத்தொகை சுமார் 37 கோடியே 70 லட்சம் என 2017-ஆம் ஆண்டில் கணித்தனர். நியூஜிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ் தீவில், 1894-ஆம் ஆண்டில் கலங்கரை விளக்கம் அமைந்ததையொட்டிப் பூனைகள் புகுந்தன. பறக்க இயலாத சிறு குருவியினம் ஒன்று அதன்பின் சிறிது காலத்திலேயே பூண்டற்றுப் போயிற்று. அந்நாட்டுக் கணக்குகளை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. ஆனால் பூனையின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றே.

நம் பக்கத்தில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாவன தரையில் முட்டையிடும் பறவைகளாம். ஆள்காட்டி, வானம்பாடி, காடை, கௌதாரி ஆகியவை தரிசிலும் வரப்போரத்திலும் முட்டையிடுகின்றன. ஆள்காட்டி ஏறக்குறைய ஒரு மாதம் வெறுந்தரையில் அடைகாக்கிறது. அந்த ஒரு மாதத்தில் ஓர் இரவு பூனையோ நாயோ அவ்வழியே சென்றால் போதும், அவ்வாண்டின் சந்ததி போயிற்று. கூட்டைவிட்டு இறங்கியும் இன்னும் நன்றாகப் பறக்கத் தெரியாத நாகணவாய்க் குஞ்சுகளும் எளிதில் பிடிபடுகின்றன. கழிமுகத்துச் சேற்றில் நாய்கள் விரட்டுவதால், நெடுந்தூரம் பறந்துவந்த உள்ளான்கள் இரையெடுக்க நேரமின்றி மெலிகின்றன.

காசிமேடு போன்ற மீன்பிடித் துறைகளிலும் சந்தைகளிலும் கொட்டப்படும் மீன் கழிவு, பூனை, நாய், காக்கை ஆகிய மூன்றையும் பெருக்குகிறது. இம்மூன்றும் முட்டைக்கும் குஞ்சுக்கும் எதிரிகள். கழிவை அப்புறப்படுத்துவதே அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் முதல் வழி.

எலிக்குப் பூனை போதுமா?

பூனையைக் குறைத்தால் எலி பெருகாதா என்று குடியானவர் கேட்பது நியாயமே. வீட்டுச் சுண்டெலியைப் பூனை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பெருச்சாளியை அது பெரும்பாலும் நெருங்குவதில்லை. வயல் எலிக்குக் கூகையே தகுந்த காவலாள். மலேயாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் கூகைக்கென்று பெட்டிகளை நட்டு வளர்த்து வருகின்றனர். கூகை அலறினால் சாவு வரும் என்று எண்ணி அதை அடித்துக் கொல்லும் வழக்கம், எலிக்கு உதவி செய்வதாகவே முடியும். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் மடியுமாதலால், எலி விஷத்தையும் அளவறிந்து கையாள வேண்டும்.

பூனையால் மற்றொரு தீங்கும் உண்டு. தீவனத்திலும் வைக்கோலிலும் பூனை மலம் கலந்தால், அதிலுள்ள நுண்கிருமியால் சினையாடுகளுக்குக் கருச்சிதைவு நேரக்கூடும்.

செய்யத்தக்கவை

1. பூனையை இரவிலும், பறவைகள் குஞ்சு பொரிக்கும் கோடைக் காலத்திலும் வீட்டுக்குள்ளோ களஞ்சியத்துக்குள்ளோ அடைத்து வைத்தல் நன்று. தேவைக்கு மேல் வளர்க்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்தல் உத்தமம்.

2. பூனைக்கு இறைச்சி கலந்த நல்லுணவு அளித்தல் வேண்டும். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் சர்வகலாசாலையார் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்து மிகுந்த உணவால் பூனை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவிகிதமும், நாள்தோறும் சில நிமிஷம் அதனோடு விளையாடியதால் 25 சதவிகிதமும் குறைந்தன. கழுத்தில் பளிச்சென்ற வர்ணத் துணிப்பட்டை கட்டியதால் பிடிபட்ட பறவைகள் 42 சதவிகிதம் குறைந்தன. மணி கட்டியதில் குறிப்பிடத்தக்க பயன் அவ்வாய்வில் காணப்படவில்லை.

3. நாயை அவிழ்த்துவிட்டு வயலுக்கும் கழிமுகத்துக்கும் அனுப்பலாகாது. வேண்டாத குட்டிகளை ஊருக்கு வெளியே விட்டுவருதல் பறவைக்கும் குட்டிக்கும் ஒருங்கே தீங்காகும். உணவின்றித் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

4. உழும்போது ஆள்காட்டியின் முட்டைகளைக் கண்டால், அவ்விடத்தில் ஒரு குச்சியை நட்டு, சிறிது நிலத்தை விட்டு உழலாம். வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை நட்டால், பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் அமர்ந்து வேலை செய்யும்.

5. கிளி முதலிய நாட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டிலிடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தெரு நாய்களைக் கொல்லுவதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. பஞ்சாயத்து எல்லையில் மீன், கோழிக் கழிவுகள் குவியாமல் பார்த்துக்கொள்வதும் அவ்வாறே.

தூர்ந்த சேற்று நிலத்தை மீட்கப் பல ஆண்டும் பெரும்பொருளும் வேண்டும். இரவில் பூனையை உள்ளே அடைக்க ஒரு தாழ்ப்பாள் போதும். சாலின் பின்னே நடக்கும் கொக்கும், கம்பத்தில் காத்திருக்கும் கரிச்சானும் கூலி கேளாத வேலையாட்கள். அவ்வேலையாட்களை வீட்டுப் பிராணிக்கு இரையாக்காமல் காப்பது, பயிரைக் காக்கும் வேலையில் ஒரு பகுதியேயாகும்.