ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம்... பயமா, பண்டிகையா?

2023 மார்ச் முதல் வாரம். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். ‘தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள்’ என்ற வீடியோக்கள் போனுக்குப் போன் பறந்துகொண்டிருந்த நேரம் அது.

‘உயிருக்குப் பயந்து ஓட்டம்’ என்று தலைப்பு போட ஒரு நிமிஷம் போதும். ஆனால், அந்த வருஷம் மார்ச் 8-ம் தேதி ஹோலி. எப்படியும் அந்த வாரம் பலர் ஊருக்குக் கிளம்புவார்கள். நிஜமாகவே பயந்து கிளம்பியவர்களும் இருந்தார்கள். யார் எதற்காகப் போகிறார் என்பது பிளாட்பாரத்தில் நின்று கேட்டால்தான் தெரியும், அதுவும் இந்தியில்!

பக்கத்திலிருக்கும் அவிநாசியிலிருந்து கோவை, திருப்பூர் கல்லூரிகளுக்குப் போய் இதழியலோ காட்சித் தொடர்பியலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் இல்லை. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முக்கியமான விஷயம் முதல் வரியில், மற்றவை கீழே என்ற ‘தலைகீழ் பிரமிடு’ பாணியும் சீக்கிரம் கைவந்துவிடும். கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த வீடியோ எங்கே எடுத்தது? எப்போது? அடிப்பவர் யார்?

அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள். பரவிய வீடியோக்களில் ஒன்றில் மோதிக்கொண்டது பீகார் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிகள். இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரித்துப் போனது. வதந்தி பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. ‘யார்’, ‘எங்கே’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தாலே பாதி வதந்தி அங்கேயே நின்றிருக்கும்.

எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். ‘கூடுதல் நேரப் பணி’ என்று நோட்டில் எழுதுவார்கள். பனியன் கம்பெனியில் அப்படி யாரும் பேசுவதில்லை. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பார்கள். எட்டு மணி நேர வேலை முடிந்தபின் இன்னும் நாலு மணி நேரம். அந்தச் சொல்லை அப்படியே போட்டால்தான் இங்கே இருப்பவர்களுக்குப் புரியும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

பேட்டி கொடுப்பவர் பக்கத்து வீட்டு அக்காவாக இருப்பார். கம்பெனியைப் பற்றி மனம்விட்டுச் சொல்வார். பெயரோடு வந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? பெயரைப் போடலாமா என்று எழுதும் முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். மதிப்பெண்ணுக்காக எழுதுகிற அசைன்மென்ட்டுக்கும் இது பொருந்தும்.

கல்லூரியில் படிக்கும்போதே களத்துக்கு அனுப்பும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் 1980-களிலிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

அவிநாசியில் பயிற்சிக்கு விஷயமா இல்லை? 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசி திட்டம் ஒன்றே போதும். 1,045 குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் என்கிறது அரசின் கணக்கு. வதந்தியைச் சோதிப்பது போலவே இதையும் சோதிக்கலாம். நம்ம ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? தண்ணீர் வந்து சேர்ந்ததா? ஸ்கூட்டியை எடுத்தால் அரை மணி நேர வேலை.