எதிரணியின் வெற்றியால் உயரும் மதிப்பு

விளையாட்டில் வெற்றியை எண்ணுதல் எளிது. அவ்வெற்றியின் பெறுமதியை அளத்தல் அரிது. முயல் வேட்டையையும் யானை வேட்டையையும் ஒரே கோலால் அளத்தல் முறையாகுமா? ஐக்கிய அமெரிக்காவின் சர்வகலாசாலைகளிடையே நிகழும் உதைபந்தாட்டத்தில் இவ்வினா ஆண்டுதோறும் எழுகின்றது. இது நம் கல்லூரி மைதானங்களில் ஆடப்படும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் வேறோர் ஆட்டமாகும்.

அங்கு உயர்பிரிவில் 130க்கு மேற்பட்ட அணிகள் உள. ஒவ்வோர் அணியும் பருவமொன்றில் வழக்கமாக 12 ஆட்டங்களே ஆடும். எல்லா அணிகளும் தம்முள் மோதுதல் இயலாது. ஆகவே, சம வெற்றிகள் பெற்ற இரண்டு அணிகளுள் எது மேலானது என அறிய, அவை எதிர்த்தவை எத்தகைய அணிகள் என நோக்க வேண்டியதாயிற்று.

1998 முதல் 2013 வரை வழங்கிய பி.சி.எஸ். முறை, தன் தொடக்க ஆண்டுகளில் இதனைத் தனிக் கூறாகக் கணித்தது. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும், அவ்வெதிரணிகள் சந்தித்த அணிகளின் விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. எளியோரையே வென்று எண்ணிக்கை சேர்த்த எதிரணியை வலியதென மயங்காதிருத்தற்கே இரண்டாவது கூறு வேண்டப்பட்டது.

ஓர் உதாரணம் காண்போம். ஓரணியின் 12 எதிரணிகளும், அவ்வணியுடன் ஆடியது நீங்கலாக, 11 ஆட்டங்கள் வீதம் 132 ஆட்டங்கள் ஆடி 66இல் வென்றன என்க. விகிதம் 0.500. இரண்டாவது கூறு 0.530 ஆயின், மொத்த மதிப்பு 0.510. எதிரணி ஒவ்வொன்றும் இன்னும் ஓர் ஆட்டம் வென்றிருப்பின், இரண்டாவது கூறு மாறாதபோதும், மதிப்பு 0.571 ஆக உயரும். நம் அணி பந்தைத் தொடாமலே இவ்வுயர்வு கிடைக்கின்றது. தாழ்வும் அவ்வாறே வந்து சேரும்.

இன்னுமொன்று. ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த இரண்டு அணிகள் மோதும்போது ஒன்றின் வெற்றி மற்றதன் தோல்வியாகும். கூட்டமைப்பின் மொத்தக் கணக்கு உயர்வதில்லை. எனவே பிற கூட்டமைப்புகளுடன், பெரும்பாலும் செப்டெம்பரில், ஆடப்படும் ஆட்டங்களே அதன் மதிப்பைப் பருவம் முழுவதற்கும் நிலைநாட்டுகின்றன.

2014 தொடக்கம் தெரிவுக் குழுவொன்று அணிகளை வரிசைப்படுத்துகின்றது. எதிரணிகளின் வலிமையை அதுவும் கருதும். 2017இல் மத்திய புளோரிடா சர்வகலாசாலை அணி 12 ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் எதிர்த்தவை எளிய அணிகள் எனக் கருதப்பட்டமையால், 12ஆம் இடமே கிடைத்தது. இறுதிச் சுற்றுக்குச் சென்ற நான்கனுள் அது இல்லை. 2018 ஜனவரி 1ஆம் நாள் அவ்வணி ஓபேர்ண் அணியை 34-27 என வென்றது. அந்த ஓபேர்ணோ, சம்பியன் ஆட்டத்தில் மோதிய அலபாமா, ஜோர்ஜியா ஆகிய இரண்டையும் அப்பருவத்தில் ஒவ்வொரு முறை வென்ற அணி! 2024 முதல் 12 அணிகளுக்கு இடமளிக்கப்படினும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. அட்டவணைகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்படுவன. அன்று வலியதாயிருந்த எதிரணி ஆடும் நாளில் மெலிந்திருப்பின், அதற்கு இன்றைய இளைஞர் என் செய்வர்?

எனினும் இம்முறையில் ஒரு நயமுண்டு. ஆட்டம் முடிந்தபின், தோற்ற அணி இனி வெல்க என வென்ற அணியே விரும்புகின்றது. பகைமை மறந்து எதிரியை வாழ்த்துதல் பண்பாளர்க்கு இயல்பு. அப்பண்பைக் கணக்கே அங்குக் கற்பிக்கின்றது.