நரம்பறுந்த இதயத்தையும் எட்டும் அதிர்ச்சி

மாற்றிப் பொருத்தப்பட்ட இதயத்துக்கு மூளையோடு நேரடித் தொடர்பு கிடையாது. கொடையாளரின் உடலிலிருந்து எடுக்கும்போதே அதற்குப் போகும் நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. பெரிய ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கலாம். இந்த மெல்லிய இழைகளைத் தைக்க வழியில்லை. துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி விட்டுப்போவதால், படுத்திருக்கும்போதும் நாடி நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை ஓடும். மாடிப்படி ஏறினால் உடனே வேகமெடுக்காது. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகே கூடும். ஏறி முடித்து உட்கார்ந்தாலும் சற்று நேரம் இறங்காது.

இப்படிப்பட்ட இதயத்தையும் பெருந்துயரமும் பயமும் விட்டுவைப்பதில்லை. 'டாகோட்சுபோ' எனப்படும் மன அழுத்த இதயத்தசை நோய் மாற்று இதயத்திலும் அரிதாக வந்திருக்கிறது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிகாரு சாட்டோவும் அவர் குழுவினரும் விவரித்த நோய் இது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. நெருங்கியவரின் மரணம், விபத்து, அறுவை சிகிச்சை, கடுமையான நோய் என எதுவும் தூண்டலாம். எக்கோ திரையில் இடது கீழறையின் மேற்பகுதி பலமாகச் சுருங்குவது தெரியும். நுனியோ அசைவற்று, பலூன்போல் உப்பி நிற்கும். ஈசிஜி மாரடைப்பு என்றே காட்டும். ஆஞ்சியோகிராமில் அதற்கேற்ற அடைப்பு இருக்காது.

நரம்பு வழி அடைபட்டாலும் ரத்த வழி திறந்தே இருக்கிறது. அட்ரினலினுக்கு இணங்கும் ஏற்பிகள் இதய நுனியில் கூடுதல் என்று கருதப்படுகிறது. அளவுக்கு மீறி அது பாயும்போது நுனித் தசை சுருங்கும் ஆற்றலைத் தற்காலிகமாக இழக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்குச் சிம்பதெட்டிக் நரம்புகள் ஓரளவு மீண்டும் முளைப்பதும் உண்டு. அவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். வலியைச் சொல்லும் நரம்பும் அறுந்ததால் பலருக்கு நெஞ்சு வலிக்காது. மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டுமே இருக்கும். உறுப்பு நிராகரிப்பும், மாற்று இதயத்துக்கே உரிய ரத்தக்குழாய்ச் சுருக்கமும் இதே அறிகுறிகளோடு வரும். ஆகவே ஆஞ்சியோகிராமும் இதயத்தசை பயாப்சியும் செய்து அவை இல்லையென உறுதிசெய்தாக வேண்டும். நிராகரிப்பு என்று அவசரமாக முடிவுகட்டி ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்தால், ஏற்கெனவே அடக்கப்பட்ட எதிர்ப்பாற்றல் மேலும் சரிந்து தொற்று புகும். நிராகரிப்பையே டாகோட்சுபோ என்று எண்ணி விட்டுவிட்டாலோ இதயமே பறிபோகும்.

ரத்த அழுத்தம் சரிந்தாலும் அட்ரினலின் வகை மருந்துகளைத் தொடத் தயங்க வேண்டும். நோயை மூட்டியதே அந்த வேதிப்பொருள்தான். நுரையீரலில் நீர் கோத்தால் நீர் பிரிக்கும் மருந்தும், நிலைமை மோசமானால் இயந்திரத் துணையும் கைகொடுக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் தேறிவிடுகிறது. மறுபடி எக்கோ எடுத்து, நுனி பழையபடி அசைவதைக் கண்ட பின்பே வந்தது டாகோட்சுபோதான் என்று உறுதியாகும்.